தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம்

"பினாங்கு எப்படி வளர்ந்தது? போக்குவரத்தாலா, தொழிலாலா?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் வரலாற்றுப் பட்டதாரி அல்ல. தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, கேமரா முன் நின்று பேசுவதைப் பிழைப்பாகக் கொண்டவள். அதனால் கேமரா முன்னால் நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜார்ஜ் டவுன் கடற்கரையில், வெல்ட் கீ ஓரத்தில், மணிக்கூண்டு வைத்த பெரிய வெள்ளைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. விஸ்மா கஸ்டம் என்றால் பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். அதன் முன் படப்பிடிப்பு வைத்திருந்தோம். "இதுதான் பினாங்கு ரயில் நிலையம்" என்று நான் பேசத் தொடங்கியதும் எங்கள் உதவி ஒளிப்பதிவாளர், இருபது வயதுப் பையன், கேமராவை விட்டுத் தலையைத் தூக்கினான். "அக்கா, ஸ்டேஷன்னு சொல்றீங்க. தண்டவாளம் எங்கே?"

அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்விதான். 1907இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடம் உண்மையிலேயே ரயில் நிலையம். டிக்கெட் அங்கேதான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு ரயில்கூட அதன் வாசலுக்கு வந்ததில்லை. டிக்கெட் வாங்கியவர் படகு ஏறிக் கடலைக் கடந்து, அக்கரையில் பிறையில் இறங்கி, அங்கேதான் ரயில் ஏற வேண்டும்.

பினாங்கின் பொருளாதார வரலாறு முழுவதும் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது என்று நான் சொல்வேன். இந்தத் தீவில் ஈய லம்பம் கிடையாது. பெரிய ரப்பர்க் காடும் கிடையாது. ஒரு பக்கம் கப்பல், மறு பக்கம் ரயில், இடையில் சில மைல் அகலத்தில் கடல். அந்தக் கடலைக் கடக்க வைத்துத்தான் பினாங்கு பணம் பார்த்தது. ஒவ்வொரு முறை வாகனம் மாறியபோதும் அந்தப் பணம் வேறு கைக்குப் போனது. நம்மவர்களுக்கு என்ன ஆனது என்பதை அங்கேதான் தேட வேண்டும்.

பாய்மரக் காலம்

1786 ஆகஸ்டு 11ஆம் தேதி கேப்டன் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இத்தீவை எடுத்துக்கொண்டார். கெடா சுல்தானுக்கு அவர் கொடுத்த வாக்கும், அதைக் கம்பெனி காப்பாற்றாமல் விட்ட கதையும் நேயர்கள் அறிந்ததே. லைட் செய்த ஒரு காரியத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். வருகிற சரக்குக்குச் சுங்கம் கேட்காத துறைமுகமாக அவர் பினாங்கைத் திறந்துவிட்டார். டச்சுக்காரர்களின் கெடுபிடியில் சலித்துப் போயிருந்த வணிகர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதலில் வந்தவர்களில் நம்மவர்கள் உண்டு. அவர்கள் தூரத்திலிருந்து புதிதாக வந்தவர்களும் அல்லர். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதற்கு முன்பே கெடாவில் குடும்பத்துடன் இருந்தவர்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து துணி கொண்டுவருவார்கள். மிளகும் பாக்கும் ஏற்றிக்கொண்டு போவார்கள். 'பினாங்' என்ற மலாய்ச் சொல்லுக்கே பாக்கு என்றுதானே பொருள்! தென்மேற்குக் காற்றில் வந்து வடகிழக்குக் காற்றில் திரும்பும் பயணம் அது. 1790களில் லைட் எழுதிய அறிக்கையில், தீவில் குடியிருக்கும் சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்றும், அது தவிர ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கரையோரக் கப்பல்களில் வந்து, உழைத்துச் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள் என்றும் குறித்திருக்கிறார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வந்தவர்களில் கூலிக்காரர் உண்டு, படகுக்காரர் உண்டு, கடைக்காரர் உண்டு. அவர்களோடு கப்பலின் சொந்தக்காரர்களும் உண்டு. 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்ததற்குக் காரணமான காதிர் முகைதீன் அத்தகைய பெருவணிகர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முகம்மது மெரிக்கான் நூர்தீன் பினாங்கின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர். கப்பல் வைத்து வணிகம் செய்தவர். சூலியா ஸ்திரீட் என்ற பெயர் யாரோ இரக்கப்பட்டு வைத்ததல்ல. அந்த வட்டாரத்துத் தெருக்களுக்கு நம்மவர் வைத்த பெயர்களே தொழிலைச் சொல்லும்: படகுக்காரத் தெரு, கடைத் தெரு, கிட்டங்கித் தெரு. துறைமுகத்தில் உழைத்த இந்துக்கள் வழிபட்ட இடத்தில் 1833இல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் உருவானது.

1819இல் சிங்கப்பூர் பிறந்தது. பினாங்குக்கு அது முதல் அடி. ராஃபிள்ஸோடு கப்பல் ஏறிச் சிங்கப்பூருக்குப் போன நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து போனவர்தான். வணிகம் எங்கே போகிறது என்பதை மோப்பம் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஆக்கினார்கள். தலைநகர் பினாங்கு. ஆறே ஆண்டுகளில், 1832இல், தலைநகரும் சிங்கப்பூருக்குப் போனது. சீனாவுக்குப் போகும் கப்பலுக்குச் சிங்கப்பூர்தான் வசதி. அதை யாராலும் மாற்ற முடியவில்லை. நடப்பட்ட ஜாதிக்காயும் 1860களில் நோய் கண்டு அழிந்தது.

அப்படியானால் பினாங்கு ஏன் சாகவில்லை?

ஈயமும் நீராவியும்

பதில் எதிர்க்கரையில் இருந்தது. பேராக் மாநிலத்தின் லாரூட்டில் ஈயம் அகப்பட்டது. லம்பத்துக்கு ஆள், அரிசி, அபின், ஆயுதம், கடன் எல்லாம் பினாங்கிலிருந்துதான் போனது. லாரூட்டில் சீன இரகசிய சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டபோது பினாங்கு வணிகர்களின் முதலும் அதில் மாட்டிக்கொண்டது. 1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிரிட்டிஷார் பேராக்கிற்குள் நுழைந்தார்கள். பாடப்புத்தகத்தில் அதை அரசியல் நிகழ்ச்சியாகப் படித்தோம். பினாங்குக் கிட்டங்கிகளில் உட்கார்ந்து பார்த்தால் அது சரக்குப் பாதையைத் திறந்துவிட்ட நிகழ்ச்சி.

பாதை திறந்தாலும் வண்டி வேண்டுமே? தைப்பிங்கிலிருந்து கடற்கரைக்கு ஈயத்தைக் கொண்டுவருவது மழைக்காலத்தில் சேற்றோடு போராடும் வேலை. 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் ரயில் ஓடியது. எட்டு மைல் தூரம்தான். அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினரை வரவழைத்தார்கள். பின்னால் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் ரயில் பாதையைக் கம்பிச் சடக்கு என்பார்கள். அந்தச் சடக்கைப் போட்டவர்களிலும், பிறகு செப்பனிட்டுக் காத்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம்.

போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பத்தாங். ரயில் போய்விட்டது. ஆனால் நிலையத்தின் பெயர்ப் பலகை நிற்கிறது. அதில் தமிழிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது. சுற்றுப்பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

இந்த எட்டு மைலின் சூட்சுமத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏற்றுமதியாகும் ஈயத்துக்கு மாநில அரசு வரி வாங்கியது. அந்த வரிப் பணத்தில் தண்டவாளம் போட்டது. தண்டவாளம் வந்ததும் உள்ளே உள்ள லம்பங்கள் திறந்தன. ஈயம் கூடியது, வரியும் கூடியது, அடுத்த தண்டவாளம் போடப்பட்டது. லண்டனிலிருந்து யாரும் பெரிய மனதோடு முதல் போட்டுக் கொடுக்கவில்லை. மண்ணை வெட்டிய சீனத் தொழிலாளியின் வியர்வையும், கம்பியை இறக்கிய தமிழ்த் தொழிலாளியின் வியர்வையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடின. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான்வரை பாதை இணைந்துவிட்டது. 1909இல் ஜொகூர் பாருவைத் தொட்டது. போர்ட் வெல்டிலிருந்து சிறு கப்பலில் வந்த சரக்கு இப்போது நேரே பிறைக்கு ரயிலில் வந்தது.

பிறையில் வந்து நின்ற சரக்கு எது என்று பார்த்தால், இங்கே போக்குவரத்து தொழிற்சாலையாக மாறும் கதை வருகிறது. முன்பெல்லாம் லம்பத்தின் பக்கத்திலேயே கரியடுப்பில் ஈயத்தை உருக்கினார்கள். காடு அழிந்தது, கரி விலை ஏறியது. ரயில் வந்தபின் ஈய மணலை அப்படியே மூட்டையில் கொண்டுவந்து துறைமுகத்தில் உருக்குவது இலாபம் என்று ஆனது. 1887இல் தொடங்கிய ஸ்டிரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி முதலில் சிங்கப்பூருக்கு அருகே புலாவ் பிரானியில் உலை போட்டது. 1902 வாக்கில் பட்டர்வொர்த்தில் ஓர் உலை வந்தது. தீவுப் பக்கம் டத்தோ கெராமாட் சாலையில் 1897இல் ஒரு சீன முதலாளி தொடங்கிய சிறிய உலை, 1907இல் யூ தோங் சென் போன்றவர்களின் முதலீட்டில் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனியாக வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்து ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது என்றால், இந்த உலைகளின் மதிப்பை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உலை கட்டி, மலாயாவின் ஈய மணலை அங்கே கொண்டுபோக ஒரு முயற்சி நடந்தது. உடனே வெளியே போகும் மணலுக்கு எட்டாத வரி விதித்துத் தடுத்துவிட்டார்கள். சுங்கமில்லாத் துறைமுகம், தாராள வணிகம் என்று பேசியவர்கள்தான்!

டத்தோ கெராமாட் உலை இருந்த இடத்தில் இன்று நிற்பது பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர்.

பட்டணமும் மாறியது. கடலைத் தூர்த்து வெல்ட் கீ உருவானது. 1904இல் ஸ்வெட்டன்ஹாம் துறை கட்டப்பட்டது. அதே ஆண்டு மின்சாரம். 1906இல் மின்சார டிராம். 1924 ஜனவரி முதல் நாள் கொடிமலை ரயில். மற்ற ஊர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தபோது பினாங்கு வெளிச்சத்தில் இருந்தது என்று எங்கள் பாட்டி பெருமைப்படுவார். பாட்டி வீட்டுக்கு மின்சாரம் வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் என்பது வேறு விஷயம்.

சொந்தக்காரர் பயணியானார்

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பலுக்கு நல்ல காலம் பிறந்தது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள் வங்கக் கடலில் நாள் தவறாமல் ஓடத் தொடங்கின. காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பாய்மரக் கப்பல் எப்படிப் போட்டியிடும்? நீராவிக் கப்பல் ஒன்று வாங்குவதென்றால் பத்து வணிகர்கள் கூடினாலும் போதாது. பரங்கிப்பேட்டை, நாகூர்த் துறைகளின் கப்பல் வணிகம் மெல்ல மெல்லக் கரைந்தது. அதே நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆள் வருவது மட்டும் நிற்கவில்லை, பெருகியது. முன்பு கப்பலின் சொந்தக்காரராக வந்த ஊர்க்காரர், இப்போது அடுத்தவர் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தார்.

அவர்களை அழைத்ததும் ஒரு தொழில்தான். எதிர்க்கரையில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். கரும்பாலைதான் இந்த வட்டாரத்தின் முதல் நீராவி ஆலை என்று பெருமையாக எழுதுகிறார்கள். அந்த ஆலையைச் சுற்றியிருந்த வரிசை வீடுகளில் காய்ச்சலில் செத்தவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. ஆள் தேவை மலைபோல் ஏறியது. 1907இல் குடிபெயர்வு நிதி அமைத்து, தோட்ட முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, கப்பல் கட்டணத்தை அதிலிருந்து கொடுத்தார்கள். ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தவர் கங்காணி. 1926, 1927 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 150,000க்கு மேற்பட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் முதலில் கண்ட மலாயா மண் பினாங்குதான். கொள்ளைநோய் பயத்தால் பலரை ஜெரஜாக் தீவில் நிறுத்திப் பரிசோதித்த பிறகே கரைக்கு விட்டார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலை அறியாத தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் குறைவு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970கள்வரை ஓடியது. ஐயாயிரம் பேருக்கு மேல் மேல்தளத்தில் ஏற்றிக்கொள்ள அனுமதி பெற்ற கப்பல் அது. மூட்டைக்குக் கொடுத்த இடத்தை மனிதருக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம்மவர் எல்லோரும் கூலிக்காரர் என்று முடித்துவிடவும் கூடாது. பினாங்கு ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் உட்கார்ந்த நகரத்தார் கடன் கொடுத்துத் தோட்டங்களையும் வணிகத்தையும் நடத்தினார்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி ரதம் 1894இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தது. கப்பலுக்குச் சரக்கு பேசுவது, படகு அமர்த்துவது, கப்பலுக்கு வேண்டிய உணவுப் பொருள் கொடுப்பது போன்ற தொழில்களில் தமிழ் முஸ்லிம்கள் தொடர்ந்து இருந்தார்கள்.

இழந்தது தமிழர் மட்டுமா என்றால், அதுவும் இல்லை. பினாங்குச் சீன முதலாளிகளான காவ் குடும்பத்தார் 1907இல் ஈஸ்டர்ன் ஷிப்பிங் கம்பெனி தொடங்கி, பினாங்கு, புக்கெட், சுமத்ரா, பர்மா கரைகளைச் சுற்றிக் கப்பல் விட்டார்கள். 1922இல் அதை சிங்கப்பூரின் ஸ்டிரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் வாங்கிவிட்டது. ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் 1911இலேயே பிரிட்டிஷ் முதலாளிகளிடம் போய்விட்டது. உள்ளூர் முதலாளி பாதையைக் கண்டுபிடிப்பார், பாதை இலாபம் தர ஆரம்பித்ததும் பெரிய கம்பெனி வாங்கும். பெரிய முதலுக்கு இனம் கிடையாது, பசிதான் உண்டு.

சீன முதலாளி விற்றபோது கையில் காசு கிடைத்தது. தொங்காங்கில் மூட்டை இறக்கியவருக்கு விற்பதற்கு என்ன இருந்தது?

என் தாத்தா அப்படி ஒருவர். பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தொங்காங் என்கிற பெரிய சரக்குப் படகு போய் மூட்டைகளை இறக்கிக்கொண்டு வரும். கப்பல் கரைக்கு வராது, நாங்கள்தான் கரையைக் கப்பலிடம் கொண்டுபோனோம் என்று அவர் சொல்வாராம். 1960களின் பிற்பகுதியில் பட்டர்வொர்த் பக்கம் ஆழமான துறைகள் வந்தன. கப்பல் கரைக்கே வந்தது. பிறகு கொள்கலன் வந்தது. நூறு பேர் தூக்கியதை ஒரு பாரந்தூக்கி தூக்கியது. 1969இல் தீவு சுங்கமில்லாத் துறைமுக உரிமையையும் இழந்தது. பட்டணத்தில் வேலையில்லாத் திண்டாட்டம். 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை திறந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது, அவை தேடியது இளம் பெண்களின் நுணுக்கமான விரல்களை. ஐம்பது வயதுத் தொங்காங் தொழிலாளியின் தோளை யாரும் கேட்கவில்லை. தாத்தா ஒரு கிட்டங்கிக்குக் காவல் இருந்தார். சின்னம்மா தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போனார். வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருபவர் ஒரே ஆண்டில் மாறிப்போனார்.

2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரானது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோதே துறைமுகத்தை நம்பி அங்கே குடியிருந்த எத்தனையோ குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறிவிட்டன. சுவர்கள் மரபுடைமையாயின, சுவருக்குள் இருந்தவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள்.

கார் ஏற்றிய பழைய ஃபெரி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது. 2023இல் புதிய ஃபெரிகள் வந்தன. ரயில் வேண்டுமானால் இன்றைக்கும் பட்டர்வொர்த் போக வேண்டும். 2025 ஜனவரியில் முத்தியாரா இலகு ரயில் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பாதை கடலைக் கடந்து பட்டர்வொர்த்தைத் தொடும் என்கிறார்கள். எங்கள் ஒளிப்பதிவுப் பையன் கேட்ட தண்டவாளம் ஒருவழியாக வரப்போகிறது.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த உரைக்குப் படங்கள் தேடியபோது கவர்னர்கள், கம்பெனி முதலாளிகள் படம் கேட்ட இடத்தில் கிடைத்தது. தொங்காங் தொழிலாளி ஒருவரின் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய துறைமுக வேலை அட்டையோ, ரயில்வே அடையாளப் பட்டையோ, ரஜுலா டிக்கெட்டோ, தாத்தாவின் படமோ இருந்தால் எங்கள் நிகழ்ச்சிக்கு எழுதுங்கள். நாங்களே வீட்டுக்கு வந்து படம் பிடித்துக்கொள்கிறோம். பொருள் உங்களிடமே இருக்கட்டும்.